ஊதிய வயிறும் அன்னம்மாளோடு நான் போட்ட சண்டையும்

என் மகன் பிறந்தபோது அழவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்கியது.

அன்பான சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை எழுதித் தரச் சொல்லி நம் செபக் குழுவில் பல தடவை கேட்டீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவிவிட்டேன். மற்றவர்கள் சொல்கிற சாட்சியைப் போல என்னுடையது இனிக்காது. அன்னம்மாள் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் மேல் எனக்கிருந்த கோபத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்குப் பொறுதி கேட்க மாட்டேன்.

நாட்டில் யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன். தடையை எடுத்துக் கடலைத் திறந்துவிட்ட காலம். கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் கரையிலிருந்து எல்லோரும் பயமில்லாமல் தொழிலுக்குப் போனார்கள். என் கணவர் அந்தோனி சங்கு குளிக்கிறவர். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கீழே போய்ச் சங்கும் கடலட்டையும் எடுப்பார். அவர் கடலில் இறங்குகிற நேரமெல்லாம் நான் கரைக்கு வந்து வள்ளம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் அப்படிப்பட்டவள். கதவைப் பூட்டிவிட்டு வந்து, பூட்டினேனா என்று திரும்பப் போய்ப் பார்க்கிறவள். பிள்ளை உண்டான பிறகு கேட்கவே வேண்டாம். துடிக்கிறதா, இல்லையா என்று வயிற்றில் கையை வைத்தபடியே சமைத்தேன், துணி துவைத்தேன், தூங்கினேன்.

அது ஆவணி மாதம். தலவிலைக் கோயிலில் புனித அன்னம்மாள் திருவிழா நடந்துகொண்டிருந்தது. விடிய வலி தொடங்கியது. அந்தோனியின் அக்கா லூர்து மச்சாள்தான் வீட்டில் எல்லாவற்றுக்கும் தலைவி. அவள் என் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இது பொய்க் குத்து" என்றாள். "முதல் பிள்ளை இவ்வளவு லேசா வாறதில்ல. இப்ப ஓடினா ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்புவாங்க. பிறகு இந்தத் திருவிழாச் சனத்துக்குள்ளால திரும்பி வரேலுமா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கும் பயப்படுகிறவளுடைய பயத்தை யார் மதிப்பார்கள்? எனக்கே அதில் மதிப்பில்லை. மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு பன்னீர்க்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. மச்சாளின் முகம் அப்போதுதான் மாறியது.

த்ரீவீலரில் ஏறினோம். கற்பிட்டி ரோட்டால் வந்து பாலாவியைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலவிலைச் சந்திக்கு வரும்போதே எல்லாம் நின்றுவிட்டது. சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வந்த பஸ்கள், லொறிகள். ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கிற குடும்பங்கள். ஒரு பஸ் திரும்பப் பார்த்து ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. முன்னுக்கும் போக வழியில்லை, பின்னுக்கும் வழியில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் அவளிடம்தான் வந்தார்கள். நானும் அடுத்த வருடம் பிள்ளையோடு வருவேன் என்றுதான் நேர்த்தி வைத்திருந்தேன்.

அந்தோனி இறங்கி ஓடினார். "அண்ணே, பஸ்ஸக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. பிள்ளைப் பேத்துக்குப் போறம்!" என்று ஒவ்வொரு பஸ்ஸின் தகரத்திலும் கையால் அடித்தார். தமிழில் சொன்னார், சிங்களத்தில் சொன்னார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்து, ஐயோ பாவம் என்றார்கள். ஆனால் ஒரு சக்கரமும் அசையவில்லை.

அப்போது யாத்திரை வந்த ஒரு அம்மா த்ரீவீலருக்குள் தலையை விட்டு என் நெற்றியில் சிலுவை போட்டாள். "பயப்படாத மகள்" என்றாள். "அம்மாட வாசல்லதானே நிக்கிறாய்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. வாசலில்தான் நின்றேன். வாசலில் நின்றுகொண்டுதான் என் வயிற்றில் பிள்ளையின் துடிப்பு குறைவதைக் கை வைத்துப் பார்த்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகித்தான் அந்த பஸ் விலகி வழி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் ஓட்டமாக நடந்தது. பிள்ளையை எடுத்தார்கள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பூத்து, துணிப் பொம்மையைப் போலக் கையைக் காலைத் தொங்கப் போட்டிருந்தது. நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஒரு நர்ஸ் மிஸ் அவன் முகத்தில் முகமூடியை வைத்து ஒரு பையை அமத்தி அமத்திக் காற்றுக் கொடுத்தாள். பிறகு பூனைக்குட்டி முனகுவதைப் போல ஏதோ கேட்டது. அதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் அவனைக் காட்டினார்கள். குழந்தைகளுக்கென்று இருக்கிற தீவிர சிகிச்சை அறை. அவன் தலைக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்திருந்தார்கள். அதற்குள் குழாயால் ஒட்சிசன் போனது. காலில் ஒரு சிறிய சிவப்பு வெளிச்சத்தைக் கட்டியிருந்தார்கள். உடம்பில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று அது இயந்திரத்துக்குச் சொல்லுமாம். வாயிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய். கையில் சேலைன். எனக்குத் தொட இடமிருந்தது ஒரு பாதம் மட்டும்தான்.

"பால் குடுக்கலாமா மிஸ்?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம். பாலை எடுத்துக்கொண்டு இருங்க. இல்லாட்டி வத்திப் போகும்."

அப்படியே தாய்மார் அறையில் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சினேன். குடிக்கப் பிள்ளை இல்லாத பால். தொட்டியில் ஊற்றிவிட்டுக் கழுவினேன். பக்கத்துக் கட்டிலில் ரிஸ்மியா என்று ஒரு பெண். அவளுடைய தாய் தகப்பன், தொண்ணூறில் இயக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டிவிட்ட முஸ்லிம் ஆட்கள். பாலாவிப் பக்கத்து அகதிக் கொட்டிலில் பிறந்து அங்கேயே கல்யாணமும் கட்டியவள். அவளுடைய மகள் மாதம் முந்திப் பிறந்து, என் மகனுக்கு அடுத்த பெட்டியில் கிடந்தாள். நாங்கள் அக்கா என்பதை அவர்கள் ராத்தா என்பார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்தா, என்ட மகள் ஒரு கோழிக்குஞ்சு. உங்கட மகன் கடா மாதிரிக் கிடக்கான். அவனுக்கு ஒண்டும் ஆகாது. நீங்க அழுது அழுது என்னையும் அழவைக்காதீங்க, எனக்குத் தையல் இழுக்குது."

அவள் அப்படித்தான். தன் பயத்தைச் சிரிப்பில் மூடிவைக்கத் தெரிந்தவள். எனக்கு அது தெரியாது.

மூச்சு கொஞ்சம் சீரானது என்று மிஸ் சொன்ன அடுத்த நாளே பிள்ளையின் வயிறு ஊதத் தொடங்கியது. தோல் பளபளவென்று இழுத்து, நரம்பெல்லாம் தெரிந்தது. வாய்க் குழாயால் பச்சையாக வந்தது. பீ போகவில்லை, காற்றுப் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் மிஸ் வந்து வயிற்றில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதினாள். சொல்லாமல் எழுதினால் எனக்குப் போதும், பத்து மரணத்தை நினைத்துவிடுவேன்.

பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு மச்சாளும் அந்தோனியும் வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த மச்சாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"கண்டியா தம்பி? காத்தை அடிச்சடிச்சு ஊத வைச்சிட்டாங்க! எங்கட சேவியருக்கும் இப்பிடித்தானே?"

சேவியர் யார் என்று சொல்ல வேண்டும். மச்சாளுக்குத் தம்பி, அந்தோனிக்கு அண்ணன். கடல் திறந்த புதிதில் சிலிண்டர் கட்டி ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்குப் போய், அவசரமாக மேலே வந்தவர். வள்ளத்தில் ஏறும்போதே கால் இரண்டும் செத்துவிட்டது. எங்கள் ஆட்கள் இதை உடம்பில் காற்று ஏறிவிட்டது என்பார்கள். அவர் வயிறு குடம் போல் ஊதி, சிறுநீர் போகாமல் கத்தியதை அந்தோனி பக்கத்தில் இருந்து பார்த்தவர். சில மாதம் படுக்கையில் கிடந்து செத்துப்போனார். அந்த வீட்டில் காற்று என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள்.

மற்ற வீட்டு ஆட்கள் ஒட்சிசனைப் பார்த்தால் உயிர் கொடுக்கிற மருந்து என்று நினைப்பார்கள். சங்கு குளிக்கிறவன் வீட்டில் அதே குழாயும் அதே சிலிண்டரும் கொலைகாரன்.

தகப்பனைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். பச்சை அங்கி போட்டுக்கொண்டு போனார். நான் வெளியே கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். குழாய் எங்கே போகிறது என்று சுவர்வரை கண்ணால் போய்த் திரும்பி வந்தார். பிறகு, ஒரு பெரிய பாரத்தைத் தூக்குகிறவரைப் போல இரண்டு கையாலும் பிள்ளையின் தலையிலிருந்த பெட்டியைத் தூக்கிவிட்டார்.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. இயந்திரம் கத்தியது. பிள்ளையின் உதடு என் கண் முன்னாலேயே கறுத்தது. மிஸ் பாய்ந்து வந்து பெட்டியைப் பறித்துக் கவிழ்த்தாள்.

"பைத்தியமா உங்களுக்கு? பிள்ளையக் கொல்லப் போறீங்களா?"

"காத்தை நிப்பாட்டுங்க மிஸ்" என்றார் அந்தோனி. "வயித்தப் பாருங்க. காத்து ஏறிட்டுது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் மிஸ்."

காவலாளி வந்து அவரை வெளியே கொண்டு போனான். வேப்ப மரத்தடியில் குந்தி இருந்துகொண்டு, இரண்டு கையையும் தனக்கு முன்னால் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். அவரை ஏச வேண்டும் என்றுதான் போனேன். நானும் குந்திவிட்டேன்.

பிறகு டொக்டர் மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். பொலிசில் கொடுக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் சிங்களப் பெண். கொஞ்சத் தமிழ் தெரியும். தெரிந்த தமிழை எல்லாம் பொறுக்கி எடுத்து எங்களுக்குச் சொன்னாள்.

"பிள்ளைக்கு மூச்சு நிண்ட நேரம் ஒட்சிசன் இல்ல. உடம்பு என்ன செய்யும்? இருக்கிற இரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் குடுக்கும். குடலுக்குக் குடுக்காது. குடல் பட்டினி. பட்டினி கிடந்த குடல் காயம்."

வீட்டில் சோறு குறைந்தால் கடலுக்குப் போகிற ஆம்பிளைக்குப் போட்டுவிட்டு, நாங்கள் சட்டியைச் சுரண்டுவோமே, அப்படித்தான் என்று எனக்கு விளங்கியது. குடல் பொம்பிளையைப் போல.

"அப்ப இந்தக் காத்து?" என்று அந்தோனி கேட்டார்.

"வயித்துல இருக்கிற காத்து பெட்டியில இருந்து போனது இல்ல. குடல் ஓடல்ல. ஓடாட்டி காத்து நிக்கும்." பிறகு, சிங்களத்தில் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஆனா தாத்தே, நீங்க பயப்படுறது முழுக்கப் பிழையும் இல்ல. பட்டினி கிடந்த குடலுக்குத் திரும்பி ஒட்சிசன் வரும்போது, அதுவும் கொஞ்சம் எரிக்கும். கூடக் குடுத்தாலும் கெடுதி. இல்லாட்டிச் சாவு. அதுதான் கால்ல லைட் கட்டி, பாத்துப் பாத்துக் குறைக்கிறம். ஒரேயடியா எடுக்கேலாது."

அந்தோனி தலையை ஆட்டினார். "ஆழத்தில இருந்து மேல வாறது போல" என்றார். "மெல்ல மெல்ல."

"ஓம். மெல்ல."

"குடல் எப்ப ஓடும் மிஸ்?" என்று நான் கேட்டேன்.

"பால் குடுக்காம, மருந்து குடுத்து, பாத்துக்கொண்டு இருப்பம். வெளிக்குப் போனா நல்ல செய்தி. குடல் ஓட்டையானா ஒப்பரேசன். இந்தப் பிள்ளை ஒப்பரேசன் தாங்குமா எண்டு எனக்குச் சொல்லேலாது."

எல்லாம் ஒரு பீயில் வந்து நின்றது.

அந்தோனிக்கு விளங்கிவிட்டது. ஆனால் மச்சாளுக்கு யார் விளங்கப்படுத்துவது? மறுநாள் காலையில் வெள்ளைத் துணியும் மெழுகுதிரியுமாக வந்தாள். வாசலில் த்ரீவீலரையும் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்தாள். அன்றைக்குத் திருவிழாவின் கடைசிப் பூசை.

"எங்கட விருப்பத்தில கொண்டு போறம் எண்டு கையெழுத்து வைச்சா விடுவாங்களாம். நான் கேட்டுட்டன்" என்றாள். "பிள்ளைய அன்னம்மா காலடியில கிடத்துவம். நான் நேர்த்தி வைச்சிட்டன். பிழைச்சா அவ குடுத்தது. போனாலும் அவட காலடியில போகட்டும். இங்க கிடந்து சேவியர் மாதிரி ஊதிச் சாக வேணாம்."

அந்தோனி என்னைப் பார்த்தார். அவருக்கு டொக்டர் சொன்னது விளங்கியிருந்தும், அக்கா சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. "அக்கா சொல்றதும்..." என்று இழுத்தார்.

சகோதரிகளே, இந்த இடம் உங்களுக்கு விளங்க வேண்டும். நான் வாழ்க்கையில் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லப் பயம். அதுவும் அன்னம்மாளிடம் போவதற்கு இல்லை என்று சொல்வது பாவம் என்றே நினைத்து வளர்ந்தவள். என் கண்ணுக்கு முன்னால் அந்தச் சந்திதான் வந்தது. குறுக்கே நின்ற பஸ்ஸும், அடுப்புப் புகையும், தலையை நீட்டி ஐயோ பாவம் என்ற முகங்களும்.

"பிள்ளை வராது" என்றேன்.

"என்னடி?"

"பிள்ளை வராது மச்சாள். அந்த ரோட்டில ஒருக்கா கொண்டு போனது போதும்."

"அன்னம்மாட்டப் போகாதெண்டா சொல்றாய்? நாக்கு அழுகிப் போகும் உனக்கு! பெத்து ஒரு கிழமை ஆகல்ல, டொக்டருக்கு மேல கதைக்கிறாள், சாமிக்கு மேல கதைக்கிறாள்!"

"நான் டொக்டருக்குக் கீழதான் கதைக்கிறன். நீங்க வைச்ச நேர்த்தியை நீங்க போய்த் தீருங்க."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சாள் மெழுகுதிரியோடு தனியாகப் போனாள். போகும்போது வோர்டே கேட்கச் சொன்னாள், "பிள்ளைக்கு ஒண்டு நடந்தா உன்ட தலையிலதான்."

நான் தாய்மார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பால் கனத்து நெஞ்சு கல்லாக இருந்தது. பீய்ச்சிக்கொண்டே கத்தினேன். செபம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு பெயர் தெரியவில்லை.

"அன்னம்மா, உன்ட வாசலிலதான் என்ட பிள்ளைக்கு மூச்சு முட்டினது. நீ பாத்துக்கொண்டு நிண்டாய். உனக்குப் பாட்டுக் கேட்டது, நான் கத்தினது கேக்கல்ல. இனி நான் அவனைத் தூக்கிக்கொண்டு வரமாட்டன். உனக்கு வேணுமெண்டா நீ வா. இங்க வந்து அவன்ட குடலை ஓட வை. வேற ஒண்டும் நான் கேக்கல்ல. ஒருக்கா வெளிக்குப் போக வை. அவ்வளவுதான்."

கதவுக்கு வெளியே ரிஸ்மியா நின்றிருக்கிறாள்.

"ராத்தா, யாரோட சண்டை?"

"அன்னம்மாவோட."

"அவ யாரு?"

"மாதாட உம்மா."

"மர்யம் நாயகிட உம்மாவா?" அவள் கண்ணை அகல விரித்தாள். "அவ்வளவு பெரிய ஆளோட இப்பிடியா கத்துவீங்க?"

"கத்தாமலும் கேட்டன். ரோட்டில வைச்சுக் கேட்டன்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, நானும் அல்லாஹ்ட்டக் கேக்கிறன். என்ன கேக்கணும்?"

"அவன் பீ போகணும் எண்டு கேள்."

ரிஸ்மியா வயிற்றுத் தையலைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யா அல்லாஹ்! இப்பிடி ஒரு துஆ என்ட வாப்பாட வாப்பாவும் கேட்டிருக்கமாட்டார்!" எனக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவை. பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவள் முக்காட்டைச் சரிசெய்து, கையை ஏந்தி, உண்மையாகவே கேட்டாள்.

அன்று பின்னேரம் பிள்ளையின் நிறம் சரியில்லை என்று மிஸ் சொன்னாள். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோம். சுவாமிமார் எல்லோரும் திருவிழாவில். அதுவும் எனக்குக் கசந்தது. ஆனால் சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபை சொல்கிறதே. டொக்டர் மிஸ்ஸைக் கேட்டோம். அவள் அந்தோனியின் கைகளைப் பார்த்தாள்.

"பெட்டியைத் தொடக்கூடாது" என்றாள்.

"தொடமாட்டன் மிஸ்."

மிஸ் பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஊசிக் குழலில் சுத்தமான தண்ணீர் கொடுத்தாள். கடலுக்கடியில் இருட்டில் சங்கு தடவி எடுக்கிற கை, ஒரு துளித் தண்ணீரை நெற்றியில் விட முடியாமல் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தது. பிள்ளைக்கு அன்னம்மாளின் பெயரோடு சேர்ந்த பெயர் ஒன்று வைக்கத்தான் முதலில் நினைத்திருந்தோம். எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய புருஷனுடைய பெயரை வைத்தோம். சுவக்கின்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். சாட்சி சொல்கிறவர்கள் செபித்த அந்த நிமிடமே என்று சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. அடுத்த நாளும் வயிறு அப்படியே. அதற்கு அடுத்த நாளும். நான் பாலைப் பீய்ச்சி ஊற்றினேன். குழாயில் வந்த பச்சை மஞ்சளானது. மஞ்சள் வெள்ளையானது. ஒவ்வொரு நிறத்துக்கும் நான் மிஸ்ஸிடம் ஓடினேன். "அம்மா, நீங்க எனக்கு வேலை செய்ய விடமாட்டீங்களா?" என்று ஏசினாள். பிள்ளையின் பெட்டியில் ஒட்சிசனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அந்தோனி கண்ணாடிக்கு வெளியே நின்று, இயந்திரத்தில் சிவப்பு இலக்கம் கூடிக் குறைவதைக் கடல் பார்க்கிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். ஏசுகிற அதே மிஸ் மடித்த துணியைக் கையில் ஏந்திக்கொண்டு தாய்மார் அறைக்கே வந்தாள்.

"சுவக்கின் அம்மா! இந்தாங்க, உங்கட மகன்ட முதல் உழைப்பு!"

கறுப்பாகக் கொஞ்சம் இருந்தது. நான் அதைக் கையில் வாங்கினேன். முகத்துக்குக் கிட்ட வைத்து அழுதேன். நாற்றம் தெரியவில்லை. "ராத்தா, முத்தம் குடுத்துடாதீங்க!" என்று ரிஸ்மியா கத்தினாள். அந்த அறையிலிருந்த தாய்மார் எல்லோரும், சிங்களம், தமிழ், முஸ்லிம் என்றில்லாமல், ஒரு பீயைச் சுற்றி நின்று சிரித்தோம்.

வயிறு இளகியது. ஓட்டை விழவில்லை. கத்தி வைக்கவில்லை. துளித் துளியாக என் பாலைக் குழாயில் விட்டார்கள். ஊற்றிய பாலெல்லாம் நினைவுக்கு வந்தது. ஊற்றியும் வற்றவில்லையே என்று நன்றி சொன்னேன். அன்னம்மாள் வந்தாள் என்று நான் நம்புகிறேன். ஊர்வலத்தோடும் மேளத்தோடும் வரவில்லை. துணியை மாற்றுகிற மிஸ்ஸோடு வந்தாள்.

ஆனால் சகோதரிகளே, இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லாவிட்டால் என் சாட்சி பொய்ச் சாட்சி. என் மகனுக்குப் பால் தொடங்கிய அதே கிழமையில் ரிஸ்மியாவின் மகள் இறந்துபோனாள். நுரையீரல் தாங்கவில்லை. அவளுடைய புருஷன் சின்ன வெள்ளைத் துணிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள்தான் கேட்டாள்.

"ராத்தா, உங்கட மகன் இண்டைக்கு வெளிக்குப் போனானா?"

"போனான்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். என் பிள்ளைக்காகக் கையேந்தியவளுடைய பிள்ளை ஏன் போனது? நான் பல சுவாமிமாரிடம் கேட்டுவிட்டேன். நல்ல பதில்கள் சொன்னார்கள். எனக்கு எதுவும் போதவில்லை. அன்னம்மாளிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுவக்கினுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. எதையும் தின்பான், எல்லாம் செரிக்கும். இடது கால் மட்டும் இழுக்கும். மூச்சு நின்ற நேரம் மூளையிலும் கொஞ்சம் பட்டுவிட்டதாம். கிழமைக்கு ஒரு தடவை பயிற்சிக்குக் கொண்டு போகிறோம். மச்சாள் இன்றைக்கும் விடமாட்டாள். "கேக்கத் தெரியாமக் கேட்டவள். பீயக் கேட்டாள், பீயக் குடுத்தா. காலையும் சேத்துக் கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்பாள். சில நாட்களில் எனக்கும் அப்படித் தோன்றும். ஆனால் அந்தக் கதவைச் சாத்திய அறையில் எனக்குத் தெரிந்த தேவை அது ஒன்றுதான். கேட்டது கிடைத்தது. அதை இல்லையென்று சொல்ல என் வாய் கூசும்.

பிள்ளை நடக்கப் பிந்திய வருடம் ஆவணி வந்தபோது, அந்தோனி ஒரு பழைய வலையிலிருந்து மிதவைக் கயிறு ஒன்றைக் கழற்றி எடுத்தார். "சந்திக்குப் போவம்" என்றார். ரோட்டின் ஒரு ஓரமாக, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஒரு த்ரீவீலர் போகிற அகலத்துக்கு, மிதவைகள் தொங்கக் கயிற்றைக் கட்டினோம். அதற்குள் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது, பஸ் திருப்பக்கூடாது. ஒரு தலைப்பில் அவர், மற்றத் தலைப்பில் நான். சுவக்கின் என் இடுப்பில். எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்டவர்கள் உண்டு. "அக்காவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றவர்கள் உண்டு. பொலிஸ்காரர் முதலில் ஏசினார், பிறகு பேசாமல் விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அங்கேதான் நிற்கிறோம். பூசையை ஒலிபெருக்கியில் கேட்பதோடு சரி. போன வருடம் மச்சாளும் வந்து ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு த்ரீவீலர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. உள்ளே கம்பியை இறுக்கிப் பிடித்த ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது. வளையல்கள் எல்லாம் முழங்கைக்கு ஏறியிருந்தன. அந்தோனி கயிற்றை உயர்த்தினார். வழி திறந்திருந்தது. அதற்குள் யாத்திரை வந்த ஒரு அம்மா பாவப்பட்டு, செபமாலையோடு த்ரீவீலருக்குள் தலையை நீட்டப் போனாள்.

"ஆசீர்வாதம் பிறகு குடுக்கலாம் அம்மா, வழியை விடுங்க!" என்று கத்தினேன்.

அவள் பயந்து விலகினாள். த்ரீவீலர் நிற்காமல் போனது. அந்தப் பெண் யார், தமிழா, முஸ்லிமா, சிங்களமா, பிள்ளை அழுததா, எனக்கு ஒன்றும் தெரியாது. பயந்த சுபாவம் என்பதால் இன்னும் நினைத்து நினைத்துக் கவலைப்படுகிறேன். ஆனால் என் வாசலில் அந்த த்ரீவீலர் நிற்கவில்லை.

அன்னம்மாளுக்கு என் நன்றி. கோபம் முழுவதும் போகவில்லை, அது அவளுக்கும் தெரியும். நீங்களும் அவளிடம் கேளுங்கள். நல்ல சொற்கள் வராவிட்டால் கெட்ட சொற்களோடு கேளுங்கள், அவள் தாங்குவாள். கேட்டுவிட்டு டொக்டர் சொல்வதையும் கேளுங்கள். இந்த ஆவணியில் தலவிலைக்கு வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் சந்தியில் கொஞ்சம் இறங்குங்கள். கயிறு நீளம். பிடிக்கக் கைகள் போதாது.